பதம்

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, டூரினில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், 1996ஆம் ஆண்டு பரோலோ ஒன்றைத் திறந்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்த பாட்டில் அது. மூன்று வாடகை வீடுகளையும் ஒரு சொந்த வீட்டையும் என்னோடு சேர்ந்து பார்த்திருக்கிறது. ஊற்றி முடித்ததும் மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "தயாராகிவிட்டதா?" பழைய ஒயினின் முன்னால் உட்காரும் எவரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வியின் நிழலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது.

2003இல் முதுகலைப் படிப்புக்காக இங்கே வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். எங்கள் வீட்டில் 'குடி' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளை அது தின்று தீர்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அச்சம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். டூரினில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது டூரினுக்குத் தெற்கே லாங்கே குன்றுகளில், செரலுங்கா தால்பா என்ற சிற்றூரில். மதிய உணவோடு ஒரு சிறிய கிளாஸ் குடிப்பார், அவ்வளவுதான். நாம் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்வதைப் போல. ஒயினை அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

2005இல் நான் பட்டம் வாங்கிய அன்று அந்த பாட்டிலைக் கையில் கொடுத்தார். "இதற்கு இருபது வயது ஆகட்டும். அவசரப்படாதே" என்றார்.

அவர் சொன்னதில் காரணம் இருந்தது. பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுவது. இன்றைய விதிப்படி அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்த பிறகே கடைக்கு வரலாம். 'ரிசெர்வா' என்று எழுத 62 மாதம். அப்படி வந்த பிறகும் இளம் பரோலோ கடுக்காயைக் கடித்ததுபோல் ஈறையும் நாக்கையும் பிடித்து இழுக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் செய்யும் வேலை அது. ஆண்டுகள் போகப்போக டானின் துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் கோத்துக்கொண்டு, கொஞ்சம் வண்டலாக அடியில் தங்கும். துவர்ப்பு தணியும். பழவாசனை பின்வாங்கி வேறு வாசனைகளுக்கு இடம் விடும். 1996 பீட்மாண்டில் புளிப்பும் துவர்ப்பும் கூடிய, மெதுவாகக் கனியும் ஆண்டு. அடுத்து வந்த 1997 வெயில் ஆண்டு, சீக்கிரமே இணக்கமாகிவிட்டது. செரலுங்காவின் மண்ணும் பொறுமை கேட்கும் மண் என்று பெயர் பெற்றது. லா மோரா பக்கத்து ஒயின்கள் அதைவிட முன்னதாக இளகும் என்பார்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து சொல்லும் ஜாதகம். குறிப்பிட்ட ஒரு பாட்டிலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுத்தில் ஒயினின் மட்டம் இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று புகுந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். நிறத்தைப் பார்க்கலாம், ஆனால் நெபியோலோ இளமையிலேயே வெளிறிய சிவப்பு, சீக்கிரமே ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும், ஆகவே அது ஏமாற்றும். ஒரே நாளில் அடைத்த இரண்டு பாட்டில்கள் இருபது ஆண்டு கழித்து ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் தக்கை நல்லது, இன்னொன்றினுடையது சுமார். ஒன்று குளிர்ந்த நிலவறையில் கிடந்தது, இன்னொன்று என்னுடையதைப்போல வாடகை வீட்டுப் படுக்கையறை அலமாரியில் நான்கு கோடைகளைக் கழித்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தப் பழமொழி வேலை செய்வதற்குக் காரணம், எடுத்து நசுக்கிப் பார்க்கும் பருக்கை போனாலும் பானை மிஞ்சுகிறது என்பதுதான். பாட்டிலில் பருக்கையும் அதுவே, பானையும் அதுவே. பதம் பார்த்தால் தீர்ந்தது. பணமிருப்பவர்கள் பன்னிரண்டு பாட்டிலாக வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து பார்ப்பார்கள். பருக்கை வாங்க வசதி உள்ளவர்கள் அவர்கள். என்னிடம் இருந்தது ஒன்று.

2012இல் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மனைவி இறந்த பிறகு குனேயோவில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்திருந்தார். பேச்சின் நடுவே, "அதைத் திறந்தாயா?" என்று கேட்டார். "இன்னும் நான்கு வருடம் இருக்கிறதே" என்றேன், பாடத்தை ஒப்பித்த மாணவனின் பெருமிதத்தோடு. ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அது உன் பாட்டில்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் போய்விட்டார்.

2016 வந்தது. அவர் சொன்ன இருபது வயது ஆகிவிட்டது. நான் திறக்கவில்லை. 1996 மெதுவான ஆண்டு, இன்னும் பொறுக்கலாம் என்று எங்கோ படித்தேன். அடுத்த ஆண்டு வீடு மாறினோம். அதற்கடுத்த ஆண்டு வந்த விருந்தாளிக்கு ஒயினின் அருமை தெரியாது என்று தோன்றியது. பிறகு பெருந்தொற்று. ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமானதுதான். வரிசையாக எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

சீக்கிரம் திறந்தால் தவறு என்னுடையது. முதல் வாய் துவர்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்: அவசரப்பட்டுவிட்டான். தாமதமாகத் திறந்து சாரம் போயிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். காலத்தைச் சொல்வார்கள், தக்கையைச் சொல்வார்கள், 'பாவம், எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தான்' என்றுகூடச் சொல்வார்கள். இரண்டும் இழப்புதான், ஒன்றுக்கு மட்டும் பெயர் ஒட்டப்படுகிறது. அதனால் தீர்ப்பு சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவனுக்கு 'இன்னும் இல்லை' என்பது எப்போதும் பத்திரமான பதில். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லையே என்று கேலி செய்யும் அதே மொழியில்தான் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலாவதைச் சிறுவயதில் நூறு முறை கேட்டிருப்பேன். இரண்டாவதை யாரும் எனக்கு அறிவுரையாகச் சொன்னதில்லை.

என் பிழைப்பே 'தயாரா இல்லையா' என்று சொல்வதுதான். நிறுவனங்களின் புதிய மென்பொருளை எந்த நாளில் பயன்பாட்டுக்கு விடலாம் என்று ஆலோசனை சொல்கிறேன். அங்கே சோதிக்கவென்றே ஒரு நகல் உண்டு. சறுக்கினால் பழையதற்குத் திரும்பவும் வழி உண்டு. மனிதர்கள் விஷயத்தில் இரண்டும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் என் குழுவில் இருந்த ஒரு பெண்ணை ஒரு திட்டத்துக்குத் தனியாகப் பொறுப்பாக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். "இன்னும் ஒரு வருடம்" என்றேன். மறு ஆண்டும் அதையே சொன்னேன். அவர் நன்றாக வளர்ந்துவருகிறார், கெடுத்துவிடக் கூடாது என்று உண்மையாகவே நம்பினேன். மூன்றாம் ஆண்டு அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். இன்று என் குழுவைவிடப் பெரிய குழுவை நடத்துகிறார். அவர் பக்குவமாகிவிட்டாரா என்பதை அவருக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டிருக்க முடியும். கொடுக்காமல் அளந்துகொண்டிருந்தேன்.

காத்திருப்பு அறமா என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய காலத்தைச் செலவழித்துக் காத்திருக்கிறோம் என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது. லாங்கே குன்றுகள் இன்று செல்வம் கொழிக்கும் இடம். ஆல்பா ஊர்க்காரரான பெப்பே ஃபெனோலியோ 1954இல் வெளியிட்ட 'லா மலோரா' நாவலைப் படித்தால், அதே குன்றுகளில் பசியும் கூலிப்பிழைப்பும் மட்டுமே இருந்த காலம் தெரியும். காத்திருக்க நிலவறை வேண்டும், கடன் இல்லாமல் இருக்கவேண்டும். 1980களில் பரோலோவின் இளம் தலைமுறை ஒன்று, துவர்ப்புக் குறைந்த, சீக்கிரம் குடிக்கத்தக்க ஒயினைச் செய்யப் புறப்பட்டது. தோலோடு ஊறும் நாட்களைக் குறைத்தார்கள்; பெரிய பழைய பீப்பாய்களுக்குப் பதில் சிறிய புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். லா மோராவின் எலியோ அல்த்தாரே 1983இல் தன் தந்தையின் பீப்பாய்களை மோட்டார் ரம்பத்தால் அறுத்துப்போட்டார். தந்தை அவருக்குச் சொத்தில்லை என்று ஆக்கிவிட்டார். எதிர்ப்புறத்தில் பர்த்தோலோ மஸ்கரெல்லோ போன்றவர்கள் கடைசிவரை பெரிய பீப்பாயை விடவில்லை. நான் பழைய முறையின் ரசிகன். ஆனாலும் அந்த ரம்பத்தின் சத்தம் எனக்குப் புரிகிறது. தந்தை பொறுத்த காலத்தின் விலையை மகனும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நவம்பர் மாலைக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் மகளையும் அவர் கணவரையும் கூப்பிட்டிருந்தேன். என் மனைவி, பதினான்கு வயது மகள், ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்த அம்மா. வண்டல் அடியில் இறங்கட்டும் என்று பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்திருந்தேன். தக்கை பாதியில் உடைந்தது. மெதுவாகக் குடுவைக்கு மாற்றினேன். முதல் அரைமணி நேரம் ஈர இலைகளும் பூட்டிய அறையும்தான். பிறகு திறந்துகொண்டது.

வீட்டுக்காரரின் மகள், "இப்போதுதான் சரி" என்றார். அவர் கணவர், "ஐந்து வருடம் முன்பே குடித்திருக்கவேண்டும்" என்றார். என் மனைவிக்கு இன்னும் துவர்த்தது. மகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். அம்மா கிளாஸைத் தொடாமல் குனிந்து மோந்தாள். "சாமி படத்துல காஞ்ச ரோசாப்பூ மாலை. கூடவே புதுசா தார் போட்ட ரோடு" என்றாள். முதிர்ந்த நெபியோலோவைப் பற்றி ஒயின் அறிந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லும் இரண்டு வாசனைகள் ரோஜாவும் தாரும். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவள் சொல்லிவிட்டாள்.

"தயாராயிருச்சாம்மா?" என்று அவளிடமும் கேட்டேன்.

"எனக்கு என்னய்யா தெரியும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுறப்ப தண்ணில விட்டு உருட்டிப் பாப்பேன். பாத்துக்கிட்டே நின்னா முறுகிரும்."

இதை இத்தாலியனில் சொன்னபோது வீட்டுக்காரரின் மகள் சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அப்பாவிடம் இதே ஆண்டு இன்னும் இரண்டு இருந்தன. 2011லேயே இரண்டையும் குடித்துவிட்டோம். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. அவருக்கு மிகவும் பிடித்தது." நான் பேசாமல் இருந்தேன். "இருபது வருடம் என்பது தாத்தா சொல்லும் கணக்கு. நீங்கள் வந்த அன்று உங்களுடையதைக் கொண்டுவருவீர்கள் என்று நினைத்து அப்பா கிளாஸ்களைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அந்த கிளாஸ்களை நான் பார்த்த நினைவுகூட இல்லை.

ஒயின் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு இருந்ததைவிட 2012இல் சுவை குறைவாகவே இருந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டிலின் பக்குவத்தை நான் தவறாகக் கணக்கிடவில்லை. கணக்கில் விட்டுப்போனது எதிரில் உட்கார்ந்திருந்தவரின் வயது. பதம் என்பது பண்டத்தில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்பவனுக்கும் உடன் உண்பவனுக்கும் சேர்த்துத்தான் அது. எண்பதை நெருங்கிய ஒருவருக்கு முன்னால் நான்கு ஆண்டுகள் பொறுக்கச் சொன்ன என் பொறுமை, அவருடைய காலத்திலிருந்து எடுத்த கடன்.

வெளிநாட்டில் வாழும் நம்மில் பலர் 'இன்னும் இல்லை' என்பதில் தேர்ந்தவர்கள். வீட்டுக் கடன் முடியட்டும், பிள்ளை படிப்பு முடியட்டும், அப்புறம் ஊரில் ஆறு மாதம் இருக்கலாம். எல்லாம் நியாயமான காரணங்கள். காத்திருப்பது நாம், முதிர்வது அங்கே இருப்பவர்கள்.

எப்போதும் அவசரப்படவேண்டும் என்று சொல்லவில்லை. செரலுங்காவின் ஒயினை ஐந்தாம் ஆண்டில் திறப்பது வீண்தான். தெரியாமல் முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும், அப்படி எடுப்பதில் ஒரு தவறு நிச்சயம் நேரும், அந்தத் தவறை நம் பெயரில் ஏற்றுக்கொள்ளத் தயாரா என்பதுதான் கேள்வி. நான் அந்தக் கேள்வியை பாட்டிலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்த 2010ஆம் ஆண்டின் பரோலோ ஆறு, அவள் பதினெட்டாம் பிறந்தநாளுக்கென்று கீழே நிலவறையில் கிடந்தன. டிசம்பரில், அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஒன்றைத் திறந்தேன். நன்றாகத் துவர்த்தது. அம்மா மோந்து பார்த்து, "இதுல மாலை இன்னும் காயல" என்றாள். மகளும் மோந்தாள், இந்த முறை முகம் சுளிக்கவில்லை, மீண்டும் ஒருமுறை குனிந்தாள். வீட்டுக்காரரின் மகளுக்கு ஃபோன் செய்து, சீக்கிரமே திறந்துவிட்டேன் என்று சொன்னேன். "மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. மறுநாள் மாலை குனேயோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.