அடக்கமும் அடக்குதலும்

‘அடங்காப் பிள்ளை’ என்றொரு சொல் நம் இல்லங்களில் இன்றும் வழங்குகிறது. ஓரிடத்தில் அமர மாட்டாதவன், அழைத்தால் திரும்பாதவன், கூட்டத்தின் இரைச்சல் பொறாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறுபவன் ஆகிய எல்லோருக்கும் அந்த ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு, பாட்டியும் மாமனும் அருகில் இல்லாத வீட்டில் இத்தகைய பிள்ளையை வளர்ப்பது பெரும் பாரம். அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்னும் நாணமும் அப்பாரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். ஆட்டிசம், கவனச் சிதறலோடு கூடிய மிகை இயக்கம், எழுத்துகளைக் கற்பதில் நேரும் இடர்ப்பாடு ஆகியவை பிள்ளையின் குற்றமும் அல்ல, பெற்றோரின் பிழையும் அல்ல. அவை மூளை இயங்கும் முறையில் அமைந்த வேறுபாடுகள். நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டபோது, அது ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றன. சட்டம் அவர்களுக்கு உரிமை என்று சொன்ன பின்னும், நாம் அடங்காமை என்றே சொல்லிக்கொண்டிருத்தல் தகுமா?

இத்தகைய பிள்ளைகள் பதின்ம வயதை எட்டியதும் பெற்றோர்க்கு ஓர் அறிவுரை தவறாமல் வந்து சேரும்: “கராத்தேயிலோ சிலம்பத்திலோ சேர்த்துவிடுங்கள், பையன் அடங்கிவிடுவான்.” இவ்வறிவுரையின் முற்பகுதி நல்லது. பிற்பகுதியே ஆராயத்தக்கது.

தற்காப்புக் கலை இவர்களுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அடுத்து என்ன நிகழும் என்று அறியாமையே ஆட்டிசமுள்ள பிள்ளைக்குப் பேரச்சம். பயிற்சிக் களத்திலோ ஒவ்வொரு நாளும் வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது. அசைவுகள் மாறாத வரிசையில் வருகின்றன. கவனம் சிதறும் பிள்ளைக்கு நீண்ட உபதேசம் இல்லை. சிறு கட்டளையும் அதற்கு முழு உடலால் தரும் விடையுமே உண்டு. சிலம்பத்திலோ அவரவர் உயரத்திற்கேற்பக் கம்பைத் தேர்கிறார்கள். பிறனுடைய அளவு அங்கே இவனுக்கு அளவாவதில்லை.

ஆய்வும் இதற்குச் சான்று கூறுகிறது. ஈரானில் நடத்தப்பெற்று 2012-இல் வெளியான ஆய்வொன்றில், ஆட்டிசமுள்ள 30 பிள்ளைகளுள் 15 பேர் 14 வாரங்கள் கராத்தேயின் ‘கட்டா’ வரிசைகளைப் பயின்றனர். ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கம் அவர்களிடம் குறைந்தது. மகிழத்தக்க செய்திதான். எனினும், கையை உதறுவது சில பிள்ளைகளுக்குத் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ளும் வழியும் ஆகும். அது குறைய வேண்டுமென்று நாம் விரும்புவது அவனுடைய நலத்துக்காகவா, நம்முடைய நாணத்துக்காகவா?

கலை தானாகவே நன்மை தந்துவிடாது. டிரல்சன் என்னும் ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நெறி தவறிய போக்குடைய 13 முதல் 17 வயது இளைஞர்க்கு ஆறு மாதம் தேக்வாண்டோ கற்பிக்கப்பட்டது. தியானமும் அறவுரையும் சேர்த்துப் பயின்ற குழுவினரிடம் சினம் தணிந்தது. சண்டை நுணுக்கம் மட்டும் பயின்றவரிடமோ அது மிகுந்தது. இவர்கள் நாம் பேசும் பிள்ளைகள் அல்லர். ஆயினும், கைகால் வீச்சு மட்டும் ஒருவனைப் பண்படுத்தாது என்பது எவர்க்கும் பொதுவான பாடம்.

அப்படியானால் பண்படுத்துவது எது? ஜப்பானியரான கானோ ஜிகோரோ 1882-இல் நிறுவிய ஜூடோவில் ஓர் எளிய விதி உண்டு. எதிராளியின் பிடி தாங்க முடியாத நிலையில், பிடிபட்டவன் அவன் உடலையோ தரை விரிப்பையோ கையால் தட்டுகிறான். தட்டிய கணமே பிடி விட வேண்டும். எத்துணை வலியவனும் அதற்குக் கட்டுப்பட்டவனே. பேச்சு வராத பிள்ளையும் கையால் ‘போதும்’ என்று சொல்லலாம். அச்சொல் மதிக்கப்படும். பிறருடைய ‘போதும்’ என்பதைத் தானும் மதிக்க வேண்டும் என்பதையும் அவன் அங்கேயே கற்கிறான். தன்னைத் தான் ஆளும் திறன் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பேன்.

“சாலையில் ஓடும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும். ஐந்து வயதில் கையைப் பற்றி நிறுத்தலாம். பதினைந்து வயதில் தாயினும் உயர்ந்து நிற்பவனை எந்தக் கை பற்றும்? சாலையோரத்தில் அவனே நின்றாக வேண்டும். மேலும், எவர் சொன்னாலும் பணிய மட்டுமே பழகியவன், தனக்குத் தீங்கு செய்ய வருபவனுக்கும் பணிந்துவிடுவான். நமக்குப் பின் இவன் கதி என்ன என்று இரவில் விழித்திருக்கும் பெற்றோர், இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘மாட்டேன்’ என்று உரிய இடத்தில் சொல்லத் தெரிவதும் தற்காப்பே.

ஆகவே, ஆசானைத் தேடிச் செல்லும்போது எத்தனை பதக்கம் பெற்றார் என்று மட்டும் கேளாதீர்கள். பிள்ளை போதும் என்றால் நிறுத்துவாரா, தொடுதலை வெறுப்பவனைத் தொடாமல் கற்பிக்கும் பொறுமை உண்டா, இரைச்சல் மிகுந்தால் சற்று ஒதுங்கி நிற்க விடுவாரா என்று கேளுங்கள். பயிற்சிக்குப் போக விருப்பமா என்று பிள்ளையிடமும் கேளுங்கள். அக்கேள்வியே அவன் தலைமைக்கு நாம் தரும் முதல் மரியாதை.

அடங்குதல் வேறு, அடக்குதல் வேறு. தமிழ் ஓரெழுத்தின் மாற்றத்தால் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. வள்ளுவர் தம் அதிகாரத்திற்கு ‘அடக்கமுடைமை’ என்று பெயரிட்டார். உடைமை என்பது ஒருவன் தனக்கு உரியதாகப் பெற்றிருப்பது. பிறர் நம்மேல் சுமத்துவது ஒருநாளும் நம் உடைமை ஆகாது. நம் பிள்ளைகளை நாம் அடக்க வேண்டுவதில்லை. அவர்கள் அடக்கத்தை உடையவராக வழிவிட்டு நின்றால் போதும்.