கால் செய்பவர் யார்?

உடற்குறை நேர்ந்தவருக்குக் கருவி செய்து கொடுப்பது தருமமா, கடமையா என்று நம்மவர்கள் வாதிப்பதுண்டு. அதற்கு முந்திய வினா ஒன்றை நாம் எழுப்ப விரும்புகிறோம். அக்கருவியைச் செய்வதற்குரிய அறிவு யாரிடம் இருக்கிறது? படித்த நிபுணரிடமா, கைத்தொழிலாளியிடமா, அன்றி அதனை அணிந்து நடக்கவேண்டியவரிடமா?

1960-களில் ஜெய்ப்பூர் மருத்துவமனையொன்றில் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தி, மேல்நாட்டு முறையில் அமைந்த செயற்கைக் கால்களைப் பொருத்தி நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவந்தார். பெற்றுச் சென்றவர் பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர். நன்றியில்லாதவர்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அந்தக் கால், பூட்ஸுக்குள் அடங்கி நாற்காலியில் அமரும் வாழ்வுக்கென அமைந்தது. நம் உழவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர், குந்தி வேலை செய்பவர், சம்மணமிட்டு உண்பவர். ஆகவே, வேண்டாமென்று மறுத்தவரே வைத்தியருக்கு ஆசிரியரானார்.

அவ்விடத்தில் கைவினை கற்பித்துவந்த ராம் சந்திர சர்மா பள்ளிப்படிப்புச் சிறிதே பெற்றவர். ரப்பரைச் சூடேற்றி இறுக்கும் தொழில்முறையை அவர் இதற்குப் பயன்படுத்தினார். வைத்தியர் கல்வியும், தொழிலாளி கையும், நோயாளி அனுபவமும் ஒன்றுகூடியதால் 1968-ல் 'ஜெய்ப்பூர் கால்' பிறந்தது. 1981-ல் மகசேசே விருது வைத்தியரைத் தேடி வந்தது. தொழிலாளியின் பெயரை அறிந்தவர் இன்றும் நம்மில் எத்தனை பேர்?

ரப்பர் என்றதும் நமக்குத் தோட்டம் நினைவுக்கு வரும். மரத்தின் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை நம் முன்னோர் எந்த நூலிலும் கற்கவில்லை, கையால் கற்றார்கள். அப்படிப்பட்ட நாமே கைவேலையைத் தாழ்வென்றும் ஏட்டுப்படிப்பை உயர்வென்றும் எண்ணுவோமாயின், அது நம் பாட்டன் பாட்டியரையே இகழ்வதாகாதா?

பார்வையற்றோர் எழுத்தின் வரலாறும் இதனையே கூறுகிறது. பிரெஞ்சுப் படை அதிகாரி பார்பியே 12 புள்ளிகளைக் கொண்டு தொட்டறியும் எழுத்தொன்றை வகுத்தார். ஓர் எழுத்து விரல்நுனிக்குள் அடங்காதென்பது கண்ணுடைய அவருக்குப் புலப்படவில்லை. பார்வையிழந்த மாணவன் லூயி பிரெய்ல், 1824-ல் தன் 15-ம் வயதில், அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கினான். கண்ணுள்ள ஆசிரியர்கள் சிலர் அதனை எதிர்த்தனர். ஆயினும் இன்று உலகமெங்கும் விரல்கள் அவன் வழியிலேயே படிக்கின்றன. மலாயாப் பார்வையற்றோர் சங்கமாக 1951-ல் தோன்றிய நிலையத்தின் இல்லம் அமைந்த நம் பிரிக்பீல்ட்ஸிலும் அவ்வெழுத்தைத் தொட்டுப் படிப்பவர் உளர்.

'அணிபவர் சொல்வதே போதுமா? எடை தாங்கும் கணக்கை அவரா போடுவார்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கணக்கு நிபுணருக்குரியது, ஆனால் எதற்காகக் கணக்கிடுவது என்பதை வாழ்பவரே சொல்லவேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், அமர்ந்தவர் தாமே எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை ஒரு தொழிற்சாலையோடு கூடி 2019-ல் கொணர்ந்தனர். படுத்திருப்பவருக்கு வசதி தருவது வேறு. நிமிர்ந்து நின்று பிறர் முகத்தைச் சமமாக நோக்க உதவுவது வேறு. பின்னதன் அருமையை நாற்காலியில் அமர்ந்திருப்பவரன்றி வேறு யார் அறிவார்?

பொதுக் கட்டடங்களையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டென்பதை நம் நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும் பார்வையற்றோர் நடப்பதற்காகப் பதித்த மஞ்சள் தடத்தின்மீது மோட்டார் சைக்கிளை நிறுத்திச் செல்பவரும் நம்மிடையே உளர். அத்தடத்தைப் பதித்தவரிடம் கல்வி இருந்திருக்கலாம். அதில் நடப்பவரின் சொல்லைக் கேட்கும் செவி நமக்கு இல்லாதவரை அக்கல்வி என்ன பயன் தரும்?

கிள்ளானிலோ தோட்டத்திலோ, நீரிழிவால் காலிழந்த பெரியவர் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். வாங்கிக் கொடுத்த செயற்கைக் கால் மூலையில் கிடக்கலாம். 'இவ்வளவு பணம் கொடுத்தோமே' என்று அவரை நோவதற்கு முன், அது எங்கே அழுத்துகிறது, எந்தப் படியில் தடுக்கிறது என்று கேட்போம். அவர் சொல்வதை அவ்வண்ணமே குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதனைச் செய்தவரிடம் அவரையே பேசச் செய்வோம்.