குன்னத்துக் கல்லில் தொடங்கும் ஒரு மாலை!

பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது குன்னம். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அங்கே ஒரு குளத்தில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. பார்வைக்கு அச்சு அசல் பெரிய பெரிய முட்டைகள்! 'டைனோசர் முட்டை' என்று யாரோ சொல்லிவைக்க, அந்தச் சொல் செல்போன் விட்டு செல்போன் தாவியது. கூட்டம் கூடிவிட்டது.

பிறகு விவரம் அறிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். முட்டை இல்லை என்று தெரிந்தது. அம்மோனைட் என்கிற கடல் உயிரினத்தை நடுவில் வைத்துச் சேறு இறுகி உண்டான கற்கள் அவை. முந்திரிப் பருப்பை நடுவில் வைத்து லட்டு பிடிக்கிறோம் இல்லையா... அதுபோல, மடிந்து கடலடிச் சேற்றில் புதைந்த ஓட்டைச் சுற்றி, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து சேற்றைப் பிடித்து இறுக்கிக்கொண்டே வரும். பல கோடி ஆண்டுகள் கழித்து நம் கண்ணுக்கு அது முட்டையாகத் தெரிகிறது!

'அடடா, டைனோசர் இல்லையா?' என்று முகம் வாட வேண்டாம், அன்பர்களே! பொய்யான ஒரு கண்ணி அறுந்து விழுந்த இடத்தில்தான், நிஜமான ஒரு மாலை தொடங்குகிறது. அதன் ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

கல்லுக்குள் ஒரு சக்கரம்

கரிசல் பூமியான குன்னத்தில் கடல் உயிரினம் எப்படி வந்தது? பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. வெள்ளைக்கார நிலவியலாளரான பிளான்ஃபோர்டு 1862-ல் இந்த வட்டாரப் பாறைகளை ஆராய்ந்து, மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பெயர் கொடுத்தார். அவற்றில் ஒரு பெயர், 'ஊட்டத்தூர்'. ஆமாம், பாடாலூர் பக்கத்தில் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் அதே ஊட்டத்தூர்தான்! நாம் தீபம் ஏற்றிக் கும்பிடும் தலத்தின் பெயரை, உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.

அம்மோனைட் என்ற பெயரிலும் தெய்வ சம்பந்தம் உண்டு. பண்டைய எகிப்தில் ஆமோன் என்றொரு தெய்வம். ஆட்டுக்கிடாயின் கொம்புகளோடு அவரைச் சித்திரிப்பது வழக்கம். இந்தக் கடல் ஓடும் கிடாக்கொம்பு போலவே சுருண்டிருப்பதால், ஆமோனின் கொம்பு என்ற பொருளில் அந்தப் பெயர் அமைந்தது. அங்கே தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அந்த உருவம், நம் அண்டை தேசத்தில் தெய்வமாகவே வீற்றிருக்கிறது.

எங்கே? நேபாளத்தில், கண்டகி நதிக்கரையில்! வைணவர்கள் சாட்சாத் நாராயணனாகவே ஆராதிக்கும் சாளக்கிராமக் கற்களில் காணப்படும் சக்கரச் சுழி, அம்மோனைட் உயிரினத்தின் அச்சுதான். இமயம் எழும்புவதற்கு முன்பு அந்த இடமும் கடலாகவே இருந்தது. சாளக்கிராமம் கிடைக்கும் அந்தப் பாதையில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் முக்திநாத் ஆலயம் இருக்கிறது. அத்தனை உயரத்தில் கடலின் சாட்சி!

'வஜ்ரகீடம்' என்ற புழு கல்லைக் குடைந்து சக்கரத்தை வரைந்தது என்கின்றன புராணங்கள். அந்தச் சுழியே ஓர் உயிரின் வீடு என்கிறது நிலவியல். 'பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்!' என்று சட்டென்று முடிச்சுப் போட நாக்கு துடிக்கும். சற்றுப் பொறுங்கள். ஒன்று கல்லைக் குடைந்த உயிர். மற்றது கல்லாகவே மாறிய ஓடு. இரண்டும் ஒன்றில்லை. புராணத்தைப் புராணமாகவும், நிலவியலை நிலவியலாகவும் கேட்டுக்கொள்வோம். இரண்டுக்கும் அதுதான் மரியாதை.

கங்கை வந்த வழி

கண்டகி நேபாளச் சமவெளியில் 'நாராயணி' என்ற திருநாமத்தோடு ஓடுகிறாள். பீகாரில், பாட்னாவுக்கு எதிர்க்கரையில், சோன்பூருக்கும் ஹாஜிபூருக்கும் இடையே கங்கையில் கலக்கிறாள். அந்தச் சங்கமத்தில் ஹரிஹரநாதர் ஆலயம் உண்டு. யானையின் காலை முதலை கவ்வ, 'ஆதிமூலமே!' என்ற ஓலம் கேட்டுப் பெருமாள் கருடன்மேல் விரைந்து வந்த கஜேந்திர மோட்சம் அங்கேதான் நிகழ்ந்தது என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. நம் காவிரிக்கரையில் கபிஸ்தலம் கஜேந்திர வரதரைச் சேவித்தவர்களுக்கு, இந்தக் கதையின் உருக்கம் புரியும்.

கண்டகியும் கலந்த கங்கை, வங்கம் நோக்கிப் பாய்கிறது. ராஜேந்திர சோழனின் படை கோவிந்தசந்திரனை வென்றது அந்த வங்கத்தில்தான். 1023-ஐ ஒட்டி, படையோடு கங்கை நீரும் சோழ நாட்டுக்கு வந்தது. புதிய தலைநகர் எழுந்தது; கங்கைகொண்டசோழபுரம்! கூடவே சோழகங்கம் என்ற மாபெரும் ஏரி. அதை 'நீராலான வெற்றித் தூண்' என்று வர்ணிக்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. வெற்றி பெற்றவர்கள் கல்லில் தூண் நாட்டுவார்கள்; இவன் தண்ணீரில் நாட்டினான். இன்று அதன் பெயர் பொன்னேரி. அதுவும் குன்னத்தின் பக்கத்து மாவட்டமான அரியலூரில்!

இமயம் வரை போன மாலை, நம் ஊர்ப்பக்கமே திரும்பிவிட்டது, பார்த்தீர்களா?

மதிலும் மதகும்

அடுத்த மணி கொஞ்சம் மனதைக் கனக்கச் செய்வது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே, அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. அதற்காகக் கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். ஊர் ஜனங்கள் எதிர்த்தும் பயனில்லை. அந்தக் கோயிலைத்தான், பிற்பாடு 2004-ல், உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது.

அந்தக் கீழணையில் தேங்கும் தண்ணீர், வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் சென்னைக்கும் வீராணத்துக் குடிநீர் போகிறது. இழப்பு இழப்புதான். ஆனாலும், ஈசனின் மதிலாக நின்ற கற்கள், ஊர்கள் பலவற்றின் தாகம் தீர்க்கும் வேலையைச் செய்தன என்பதை எண்ணும்போது மனம் ஓரளவு ஆறுகிறது.

சென்னையில் 'சாலிகிராமம்' என்றொரு பகுதி இருக்கிறதே... இங்கேயும் ஒரு முடிச்சுப் போட்டால் என்ன? வேண்டாம்! பெயர் ஒன்றுபோல இருப்பது வேறு. காரணம் ஒன்றாக இருப்பது வேறு. நூலில்லாமல் கோத்த மணி, மாலையில் நிற்காது.

நாதமுனிகள் கேட்ட கேள்வி

நூல் உள்ள மணி வேறொன்று இருக்கிறது. 'வீரநாராயணன்' என்பது பராந்தக சோழனின் பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரிதான் நாளடைவில் வீராணம் ஆயிற்று. அந்த ஏரிக்கு அருகே, காட்டுமன்னார்கோவிலில் வீரநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அங்கே அவதரித்த மகான், நாதமுனிகள்.

ஒருநாள் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள், குடந்தை ஆராவமுதன்மீது பத்துப் பாசுரங்கள் பாடினார்கள். ஆயிரத்துள் இவை பத்து என்ற குறிப்பு அதிலேயே இருந்தது. 'அப்படியானால் மீதி எங்கே?' என்று கேட்டார் நாதமுனிகள். அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் என்ன செய்தார்? கேட்டவரைக்கும் போதும் என்று இருந்துவிடவில்லை. மீதியைத் தாமே இட்டுக்கட்டி நிரப்பவும் இல்லை. கும்பகோணம் போனார். அங்கிருந்து ஆழ்வார்திருநகரி போனார். கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரமும் பெற்றார் என்கிறது குருபரம்பரை.

அவர் தொகுத்த அந்த நாலாயிரத்தில் திருமங்கையாழ்வாரின் பாசுரங்களும் உண்டு. ஆழ்வார் பாடிய வடநாட்டு திவ்ய தேசங்களில் ஒன்று எது தெரியுமா?

கண்டகிக் கரையின் சாளக்கிராமம்!

மாலை பூர்த்தியாகிவிட்டது. குன்னத்துக் கல், கண்டகியின் சாளக்கிராமம், கங்கை, சோழகங்கம், கோயில் மதில், கீழணை, வீராணம், நாதமுனிகள், மறுபடியும் சாளக்கிராமம்! கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், தன்னை மணிகளைத் தாங்கும் நூலுக்கு ஒப்பிட்டுச் சொல்கிறார். நூல் அவன், கோப்பது மட்டுமே நம் வேலை. அதைப் பொய்யில்லாமல் கோக்க வேண்டும்.

இன்று தினமும் காலையில் நம் செல்போனுக்கு 'அதிசயத் தகவல்' ஒன்றாவது வருகிறது. இந்தக் கோயிலில் இப்படி, அந்தச் சிலையில் அப்படி என்று... நல்ல செய்திதானே, நான்கு பேருக்குப் போகட்டும் என்று தட்டிவிடுகிறோம். அது பொய் என்று தெரியவரும் நாளில், வாடுவது அந்தத் தகவல் மட்டுமா? கேட்ட பிள்ளைகளின் மனதில் கோயிலைப் பற்றிய நம்பிக்கையும் சேர்ந்து வாடும். 'மீதி எங்கே?' என்று நாதமுனிகள் கேட்ட கேள்வியை, அனுப்புவதற்குமுன் நாமும் ஒருமுறை கேட்கலாமே! விசாரித்துத் தெளிவதும் பக்தியில் சேர்த்திதான்.

இன்னொரு வேண்டுகோள். குன்னம், அரியலூர் பக்கம் வயலிலோ ஓடையிலோ சுழி போட்ட கல் கிடைத்தால், சாளக்கிராமம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். அப்படிச் சொல்லி யாராவது விற்றால் வாங்கவும் வேண்டாம். சாளக்கிராமம் கண்டகிக்கு உரியது. பெரியோர் கையால் பெற்று, நியமத்தோடு ஆராதிக்க வேண்டியது. நம் ஊர்க் கல் நம் மண்ணின் வரலாற்று ஏடு. இடம் பெயர்த்தால் அந்த ஏடு கிழிந்துபோகும். கோயில் மதிலை இழந்த மண்ணுக்கு அந்த வலி தெரியும்! கல்லை இருந்த இடத்திலேயே விட்டு, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள். பார்க்க ஆசையா? பெரம்பலூரில் அம்மோனைட் காட்சியகமும், அரியலூர் அருகே வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அப்படியே கங்கைகொண்டசோழபுரம் சென்று, சுமார் 13 அடி உயர லிங்கத் திருமேனியராக அருளும் பிரகதீஸ்வரரையும், காட்டுமன்னார்கோவிலில் வீரநாராயணப் பெருமாளையும் ஒரே பயணத்தில் தரிசித்து வாருங்கள். மாலையின் மணிகளை நீங்களே தொட்டுப் பார்த்த நிறைவு கிடைக்கும்!

எப்படிச் செல்வது?

கும்பகோணத்தில் இருந்து அணைக்கரை வழியாக சுமார் 35 கி.மீ. தொலைவில் கங்கைகொண்டசோழபுரம். வழியிலேயே கீழணையைக் காணலாம். சிதம்பரத்தில் இருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் காட்டுமன்னார்கோவில். ஐப்பசி பௌர்ணமியன்று கங்கைகொண்டசோழபுரத்தில் நடைபெறும் அன்னாபிஷேகம் விசேஷமானது.