நன்றி யாருக்குரியது?

ஒரு பிடி சோற்றின் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு உண்டு. அதனை உணர்ந்து நன்றி கூறுவதற்காகவே உலகின் பல பாகங்களிலும் அறுவடைத் திருநாள்கள் கொண்டாடப்படுகின்றன. யாழ்ப்பாணத்து ஊர்களில் தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புத்தரிசிச் சோறு படைத்து உண்பதும் இதன்பாற்பட்டதே.

ஈழத்தமிழர் பலர் வாழும் கனடாவில் இத்திருநாள் இலையுதிர் காலத்தில் வருகின்றது. ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை 'நன்றி நவிலல் நாள்' என 1957 இல் பிரகடனஞ் செய்யப்பட்டது. தூர இடங்களிலுள்ள பிள்ளைகளும் அன்று வீடு வந்து சேர்வர். வான்கோழி, பூசணி, சோளம் எனப் பந்தி நிறையும்.

வயலில் இறங்காதவர் அறுவடைக்கு யாரிடம் நன்றி கூறுவது? இறைவனிடம் என்பது முதல் விடை. ஆனால் கடன் அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. ஒன்ராறியோத் தோட்டங்களில் பழமும் மரக்கறியும் பறிப்பவர்களுள் ஜமெய்க்கா, மெக்சிக்கோ முதலிய நாட்டவர் அநேகர். 1966 இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் வரும் இவர்கள், ஆண்டில் எட்டு மாதம் வரை மனைவி மக்களைப் பிரிந்து உழைக்கின்றனர். ஒரு குடும்பம் கூடியுண்ண, இன்னொரு குடும்பம் பிரிந்திருக்கின்றது.

"கூலியும் கொடுத்தாயிற்று, கடையில் விலையும் கொடுத்தாயிற்று, பின் என்ன கடன்?" எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பணம் பொருளின் விலையைத் தீர்க்கும். தந்தையின் முகம் காணாமல் பிள்ளை கழித்த மாதங்களை எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுத முடியாது. வெளிநாடு சென்ற பிள்ளையை நினைத்தபடி புதிர்ச் சோறு உண்ணும் பெற்றோர் இதனை நன்கறிவர்.

இல்வாழ்வான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரை வைத்தார் திருவள்ளுவர். அவ்வரிசையில் சுற்றம் நான்காவது, தான் கடைசி. குடும்பத்தோடு கூடியுண்பது அறமே. கதவைச் சாத்திக்கொண்டு அத்துடன் நின்றுவிடுவதே குறை.

ஆகவே, புதிர் நாளில் அருவி வெட்டியவரையும் பந்திக்கு அழைக்க வேண்டும். இயந்திரம் வெட்டினாலும் அதனை ஓட்டியவர் ஒருவர் உண்டு. கனடாவில் இருப்போர் உணவு வங்கிக்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். உண்ணுமுன், இதனை விளைவித்தவர் யார் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கோயிலில் படைத்த அன்னம் வந்தவர் எல்லோருக்கும் பகிரப்படுகின்றது. வீட்டில் படைக்கும் அன்னத்துக்கும் அதுவே முறையாகும்.