தூங்க விடுதல்

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம், பெருமையாக. ஆனால் நகரமா முழித்திருக்கிறது? அதில் உள்ள சில ஆட்கள்தான். பரோட்டாக் கடையில் கடைசி ஆள் கை கழுவும்வரை மாஸ்டர் அடுப்பை அணைக்க முடியாது. அவர் அணைத்த பிறகுதான் கல்லைத் தேய்க்கிற தம்பிக்கு வேலையே தொடங்கும். ஒருவருடைய தூக்கம் இன்னொருவர் கையில் இருக்கிறது என்றால், அந்த இன்னொருவருக்கு என்ன கடமை?

இதற்கு ஒரு பதிலை நான் லினக்ஸ் கெர்னலில் பார்த்தேன். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, சும்மா இருக்கும் பாகங்களை மட்டும் தூங்கவைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பொது ஏற்பாடு, 2009இல் வந்த 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. சேமிப்பகத்தில் இது அடுக்கடுக்கான வேலை. கன்ட்ரோலரைப் பெற்றவர் என்றும் டிஸ்க்கைப் பிள்ளை என்றும் கெர்னல் உறவுமுறை வைத்தே பேசுகிறது. நான் தாய் என்றே வாசித்துக்கொள்கிறேன். டிஸ்க் தன் தற்காலிக நினைவில் மிச்சமிருப்பதை எழுதி முடித்துவிட்டு முதலில் தூங்க வேண்டும். அப்புறம்தான் தாய். எழும்போது தலைகீழ்: தாய் முதலில்.

எப்போது தூங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயன்படுத்த வருகிறவர் ஒன்று கூட்ட வேண்டும். போகும்போது ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால்தான் ஓய்வு. எங்கோ ஒரு டிரைவர் கழிக்க மறந்தால், அதற்கு மேலுள்ள அடுக்குகளெல்லாம் முழித்தே கிடக்கும். எதுவும் பழுதாகாது, பிழைச் செய்தி வராது. பேட்டரி மட்டும் தீரும்.

இரவு பதினொரு மணிக்கு ஆபீஸ் குழுவில் "இருங்க, சொல்றேன்" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் செய்வது இதுதான். அவர் யாரையும் திட்டவில்லை, வேலை வாங்கவும் இல்லை. ஆனாலும் அது அநியாயம். கேட்பது தப்பில்லை, கேட்டுவிட்டு விடுவிக்காமல் போவதுதான் தப்பு. மீனாட்சி அம்மன் கோயிலில் இரவு சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு அழைத்துவந்து, பள்ளியறை பூஜை முடித்து நடை சாத்துகிறார்கள். இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்ல சாமிக்கே ஒரு சடங்கு தேவைப்படுகிறது.

அப்படியென்றால் தாங்குகிறவர் கடைசிவரை முழித்திருப்பதுதான் தர்மமா? நம் வீடுகள் அம்மாக்களிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கின்றன. கெர்னல் அவ்வளவு தூரம் போவதில்லை. பிள்ளைகள் முழித்திருந்தாலும் பொருட்படுத்தாதே என்று தாய்க்கு ஒரு குறி வைக்கவும் அதில் வழி உண்டு. அவள் தூங்கினாலும் பிள்ளையின் வேலை கெடாத இடங்களுக்காக. பாசம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. இந்த வேலைக்கு அவள் முழிப்பு நிஜமாகவே தேவையா என்று கேட்கிறது.

நடுராத்திரி மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிற மகனுக்குச் சோறு மூடிவைத்திருந்தால் போதும். "நீ தூங்கும்மா, நான் போட்டுச் சாப்பிட்டுக்கிறேன்" என்று அவன்தான் பஸ் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.