விட எண்ணியும் விட இயலாதவன்

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். கை சோர்ந்து, உடல் நடுங்கி, வில் நழுவத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட ஒருவனது மனத்துயர் எவ்வாறு யோகம் ஆகும் என்று வினவுவோர் உண்டு. அத்துயரே அவனைப் பகவானிடம் வாய் திறந்து கேட்கச் செய்தது என்று பெரியோர் விடை பகர்வர். மற்றொன்றும் அங்கே கருதத்தக்கது. பகவான் அவனை முதலில் கடிந்துகொண்டது உண்மையே. ஆயினும் கடிந்ததோடு நிறுத்தினாரில்லை. பதினேழு அத்தியாயங்கள் முடியும் வரை அவனுடனே இருந்து பேசினார்.

அந்த அர்ஜுனனே மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கேள்வி கேட்கிறான். விருப்பம் இல்லாதபோதும், யாரோ பிடித்துத் தள்ளினாற்போல் மனிதன் தகாததைச் செய்வது எதனால் என்பது அக்கேள்வி. திருவண்ணாமலைத் தேரடி வீதியில் இரவுக் கடை ஒன்றின் ஓரமாக நின்று, இன்றோடு சரி என்று சொல்லிக்கொண்டே அடுத்த பீடியைப் பற்றவைப்பவனின் கேள்வியும் அதுவன்றி வேறில்லை.

அவன் நெஞ்சில் காரணம் தெரியாத ஓர் அச்சம் குடியிருக்கிறது. இரவில் உறக்கம் இல்லை. விடியலில் எழ மனமில்லை. புகை ஒன்றே சிறிது ஆறுதல் தருவதாக அவன் எண்ணுகிறான். புரட்டாசி மாதம் பிறந்ததும் பெருமாளுக்கு விரதம் பூண்டு முப்பது நாளும் பீடியைத் தொடாதிருக்கிறான். ஐப்பசி பிறந்து சில நாளில் விரதத்தின் பயன் கரைந்துபோகிறது. “அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? மனம் வைத்தால் ஆகாதா?” என்று இல்லத்தார் கேட்கின்றனர். அந்த முப்பது நாளில் ஊரே உடன் விரதமிருந்தது என்பதையும், அதற்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மறு ஆண்டு அவன் ஸந்நிதியில் நின்று, இனி ஆயுள் முழுதும் தொடேன் என்று ஸத்தியம் செய்கிறான். பத்தாம் நாள் அது முறிகிறது. அதன்பின் அவன் கோயிலுக்கே வருவதில்லை. பெருமாள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நாணம்!

இங்கேதான் தர்மத்தைப் பற்றிய வினா எழுகிறது. இவன் பொய்யனா? பாபியா? அல்லது நோயாளியா?

முதலில் இந்தப் புகையின் இயல்பை அறிய வேண்டும். சரக ஸம்ஹிதையில் தூமபானம் கூறப்பட்டிருக்கிறதே என்று வாதிடுவோரை ஆங்காங்கே காணலாம். அது மூலிகைத் திரியின் புகை. புகையிலைக்கும் அதற்கும் யாதொரு ஸம்பந்தமும் இல்லை. புகையிலை போர்த்துகீசியர் வழியே பாரத தேசத்துக்கு வந்த பொருள். 1617ஆம் ஆண்டிலேயே ஜஹாங்கீர் அதைத் தடுத்து ஆணையிட்டார். விசிறி சாமியார் என்று இவ்வூரார் போற்றிய யோகி ராம்சுரத்குமாரும் புகைத்தாரே என்பது இத்தலத்துக்கே உரிய மற்றொரு வாதம். மஹான்களின் செயலை அவர்களிடமே விட்டுவிடுவது நலம். விட வேண்டும் என்று தவிப்பவனுக்கு அவ்வாதம் எவ்விதத்திலும் உதவாது.

புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறைந்தவுடன் படபடப்பு, எரிச்சல், நிலைகொள்ளாமை ஆகியவை தலைகாட்டுகின்றன. அடுத்த பீடி அவற்றைத் தணிக்கிறது. தன் பழைய துயரே தணிந்தது என்று அவன் நினைக்கிறான். தணிந்ததோ முன் பீடி மூட்டிய துயர். வட்டி கட்டுவதற்கென்று அதே லேவாதேவிக்காரனிடம் மீண்டும் கடன் வாங்குவதற்கு இது நிகர். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று 26 ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியது. புகையை விட்டவர்களிடம், விடாதவர்களைக் காட்டிலும், கவலையும் மனச்சோர்வும் குறைந்திருந்ததை அது கண்டது. மனநோய் உடையோரிடத்தும் அவ்வாறே இருந்தது. ஆயினும் விட்ட முதல் சில நாட்கள் கொடியவை. இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை துன்பம் நீளும். தொடக்கத்தில் விஷம்போல் கசந்து முடிவில் அமுதம் ஆகும் ஸுகத்தை ஸாத்த்விகம் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வகுத்திருப்பது இதற்கும் பொருந்தும்.

இனி, முறிந்த ஸத்தியத்தைப் பற்றி. ஸங்கல்பம் செய்யும்போது சொல்லப்படுவது யாது? ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம். அதாவது, இந்த நாளில் இதைச் செய்கிறேன் என்பதே. நேற்றைய ஸங்கல்பத்தைக் கொண்டு இன்றைய நித்ய கர்மாவைச் செய்வதற்கு இல்லை. நாள்தோறும் புதிதாகச் சொல்லியாக வேண்டும். ஆயுள் முழுமைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஸத்தியம் செய்யும்படி இவனை எவரும் கேட்கவில்லை.

அது மட்டுமா? விஷ்ணு ஆலயங்களில் ஆண்டுதோறும் பவித்ரோத்ஸவம் நடைபெறுகிறது. எதற்காக? ஓராண்டு முழுதும் நடந்த ஆராதனத்தில் மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த குறைகளுக்குப் பிராயச்சித்தமாக. குறை நேர்ந்தே தீரும் என்று ஆகமமே எதிர்பார்த்து, அதற்கொரு உத்ஸவத்தை வைத்திருக்கிறது. அர்ச்சகருக்கு இந்த ஏற்பாடு உண்டு. பத்தாம் நாள் தவறியவனுக்கு மட்டும் கதவு அடைபட்டுவிடுமோ? சரணாகதியின் அங்கங்களை நோக்கினாலும், தகாததை விலக்குவேன் என்ற உறுதியும் என்னால் ஆவதொன்றில்லை என்ற கார்ப்பண்யமும் ஒரே வரிசையில் அமர்ந்துள்ளன. உறுதியும் இயலாமையும் ஒருவனிடத்தில் ஒருங்கே இருப்பது வஞ்சனை அன்று. அவன் பீடியை எடுத்ததைவிட, நாணத்தால் ஒளிந்துகொண்டதே அவனுக்குப் பெருங்கேடு.

வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த காந்தியடிகள் தம் ஸத்திய சோதனையில் தம் பால்ய காலப் புகைப் பழக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிற்றப்பா எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கியதும், வேலையாளின் காசைத் திருடியதும், முடிவில் வாழ்வே வெறுத்து உயிரை விடவும் துணிந்ததும் அதில் உள்ளன. அஞ்சிப் பின்வாங்கிய அச்சிறுவனும் அவன் தோழனும் மனத்தைத் தேற்றிக்கொள்ள ராமர் கோயிலுக்குச் சென்றனர். ஒளிந்துகொள்ளச் செல்லவில்லை என்பதே இங்கு வேண்டுவது. அப்பழக்கமும் அத்துடன் அவர்களை விட்டது.

திருவண்ணாமலைக்குத் தெற்கே உள்ள திருக்கோவலூரில் மழையிரவொன்றில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் ஒதுங்கிய வரலாறு யாவரும் அறிந்தது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பதே அவ்விடத்தின் அளவு. படுத்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். மனம் இருண்டவனின் இல்லத்தாரும் செய்யத்தக்கது அதுவே. இன்று எத்தனை பீடி என்று எண்ணிக் கேட்பதை விடுத்து, நேற்று உறங்கினாயா என்று கேட்கலாம். தவறிய நாளில் கிரிவலப் பாதையில் சிறிது தூரம் உடன் நடக்கலாம். பதினான்கு கிலோமீட்டரும் நடக்க வேண்டுவதில்லை.

மருத்துவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவு என்று எவரும் கருத வேண்டா. நிகோடின் சூயிங்கமும், மனச்சோர்வுக்கும் புகையை விடுவதற்கும் ஒருங்கே உதவும் புப்ரோபியான் போன்ற மருந்துகளும் உள்ளன. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் புகையை நிறுத்துமுன் மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும். க்ளோஸபின், ஒலான்ஸபின் போன்ற மருந்துகளைப் புகை உடலினின்று விரைவில் கழித்துவிடுகிறது; புகை நின்றால் அவற்றின் அளவு இரத்தத்தில் ஏறும். புகையிலையை விடுவதற்கான தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. மனநலத்திற்கென 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் எண் 14416. இரண்டிலும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.