பந்தலில் யார் பெயர்?



சென்ற மாதம் பாகான் டத்தோவில் சமய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் கையைத் தூக்கினார். "ஐயா, இந்த வருஷ ஆண்டுக் கூட்டத்துல சிறந்த சேவையாளர் விருதுன்னு ஒண்ணு கொடுக்கலாம்னு செயலவையில பேசிக்கிட்டு இருக்காங்க. என் பேரைச் சொல்றாங்க. வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த தங்கை ஒருவர், "ஊர்ப் பேருலேயே டத்தோ இருக்கு, உனக்குத் தனியா வேற வேணுமா?" என்றதும் சிரிப்பு இன்னும் கூடியது. நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தத் தம்பி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அன்று நேரம் போதாமல் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம் காலத்திலேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். சுவாமி ரங்கநாதானந்தர். கேரளத்தில் 1908-இல் பிறந்தவர். 1926-இல் மைசூர் இராமகிருஷ்ண ஆசிரமத்தில் பிரம்மச்சாரியாகச் சேர்ந்தார். சேர்ந்ததும் மேடை ஏறிவிடவில்லை. முதலில் அவருக்குக் கிடைத்தது அடுப்படி வேலை. சமைத்தார், பாத்திரம் கழுவினார், ஆசிரமத்து வேலைகளைப் பார்த்தார். பிறகு மாணவர் விடுதியைக் கவனித்தார். 1939 முதல் 1942 வரை ரங்கூன், அதன் பிறகு கராச்சி, டில்லி, கல்கத்தா, ஐதராபாத் என்று போன இடமெல்லாம் தொண்டு. உலக நாடுகள் பலவற்றில் கீதையையும் உபநிடதத்தையும் பேசினார். 1998-இல் இராமகிருஷ்ண மடம், மிஷன் இரண்டுக்கும் 13ஆவது தலைவரானார்.

2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. பாரத ரத்னாவுக்கு அடுத்த நிலையில் உள்ள விருது அது. சுவாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் என்ன தெரியுமா? அது மிஷனுக்கு இல்லாமல் ரங்கநாதானந்தர் என்ற தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான். சற்று முன்னால், 1998ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசு இராமகிருஷ்ண மிஷனுக்கு வழங்கப்பட்டபோது மிஷன் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே விருது என்றாலே தீட்டு என்று அவர்கள் நினைக்கவில்லை. யார் செய்த வேலை, யார் கழுத்தில் மாலை என்பதுதான் அவருக்குக் கேள்வியாக இருந்தது.

விருதை விட்டவர்கள் வேறு காரணங்களுக்காகவும் விட்டிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சுப்பிரமணிய ஐயர், சுயாட்சிக் கிளர்ச்சியில் இறங்கி, 1918-இல் 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் துறந்தார். காந்தியடிகள் 1915-இல் வாங்கிய கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தை 1920-இல் திருப்பிக் கொடுத்தார். இவை எதிர்ப்பைக் காட்டுவதற்காகச் செய்தவை. கர்நாடகத்து விஜயபுர சித்தேஸ்வர சுவாமி 2018-இல் பத்மஶ்ரீ வேண்டாம் என்றார். துறவிக்கு விருதில் நாட்டமில்லை என்பது அவர் சொன்ன காரணம். நாம் துறவிகளும் இல்லை, அரசை எதிர்த்து நிற்பவர்களும் இல்லை. அதனால் நமக்கு மிகவும் நெருங்கி வருவது ரங்கநாதானந்தர் சொன்ன காரணம்தான்.

அது எனக்கு ஏன் நெருக்கம் என்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் டியூஷன் வகுப்பு நடத்தினோம். பாடம் சொல்லிக் கொடுத்தது நான். ஆனால் வகுப்பை நடத்தியது நான் மட்டும் இல்லை. ஓர் அக்கா விடியற்காலையில் எழுந்து முப்பது பிள்ளைகளுக்கு மீ கூன் பிரட்டிக் கொண்டு வருவார். ஓர் அண்ணன் தன் பழைய வேனில், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றி வருவார். எண்ணெய்க் காசுகூட வாங்க மாட்டார். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை, சின்னப் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தது.

ஓர் அமைப்பு எனக்கு விருது கொடுத்தது. மேடை, மாலை, பொன்னாடை, கேடயம், பத்திரிகையில் படம். நன்றியுரையில் "ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி சொன்னேன். ஒரு பெயரும் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை, மேடையில் அந்த நேரத்தில் யார் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வழக்கம்போல மீ கூன் கொண்டு வந்தார். வேன் வரவில்லை. மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோபப்படவில்லை, தேநீர் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: "தம்பி, உங்க வகுப்புக்கு இனிமே வேற வண்டி பார்த்துக்குங்க. எனக்கும் வயசாகுது."

உங்க வகுப்பு. அதுவரைக்கும் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் "நம்ம வகுப்பு"தான். அந்தத் தோட்டத்திலிருந்து பதினொரு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வேறு வண்டி கிடைக்கவில்லை. பதினொரு பேரும் நின்றுபோனார்கள். கேடயம் மட்டும் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

தம்பி, இப்போது பெரியபுராணத்துக்கு வாருங்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். அங்கே அப்பூதியடிகள் என்றொரு அடியார். திருநாவுக்கரசரை அவர் பார்த்ததுகூட இல்லை. கேள்விப்பட்டது மட்டும்தான். ஆனாலும் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயர், தாம் வெட்டிய குளத்துக்கு அவர் பெயர், வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயர். ஒருநாள் அப்பர் பெருமானே அந்த வழியாக வருகிறார். பந்தலில் தம் பெயரைப் பார்க்கிறார். அப்பூதியடிகளைத் தேடிப் போய், 'செய்தது நீங்கள், உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?' என்று கேட்கிறார். வந்தவர் யாரென்று தெரியாததால் அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது. 'நாவுக்கரசர் பெருமை தெரியாமல் பேசுகிற நீர் யார்?' என்று கேட்டுவிட்டார். அப்பர் என்ன சொன்னார்? 'அந்தப் பெருமைக்குரியவன் நான்தான்' என்று சொல்லவில்லை. வேறு சமயத்தில் இருந்து, சூலை நோய் வந்து, இறைவன் ஆட்கொண்டதால் கரையேறிய சிறியவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பந்தல் வைத்தவர் தம் பெயரைப் போடவில்லை. பெயர் போடப்பட்டவரோ 'ஏன் என் பெயர்?' என்று கேட்கிறார். பெயரை இரண்டு பேரும் மற்றவர் பக்கமே தள்ளுகிறார்கள். நடுவில் தாகத்தோடு வருகிறவனுக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

நம் பந்தல்களைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறோம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். நல்ல விஷயம்தான், பால்குடம் எடுத்து வெயிலில் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சில இடங்களில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. பதாகையில் இருக்கிற முகங்கள் மட்டும் தூரத்திலேயே தெரிகின்றன.

இன்னொரு செய்தி. திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்துகொண்டிருந்தபோது, புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. அவர் அதையும் கல்லையும் ஒன்றாகவே பார்த்தார். உழவாரப் படையாலேயே வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பொன் கெட்டது என்பதால் எறியவில்லை. அதை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் புல் அப்படியே கிடக்கும். அதனால்தான் எறிந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தம் கடமை எது என்று அவர் பாடியது தேவார வகுப்பில் படித்த எல்லோருக்கும் தெரியும்.

விருது மனசுக்குள் போனால் வேலையின் திசையே மாறும். படம் பிடிக்கத் தகுந்த வேலையை மனசு தேட ஆரம்பிக்கும். தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்தால் படம் வரும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதிவு இலாகாவுக்கு ஆறு தடவை நடந்தால் யாரும் படம் எடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைத்தால் பள்ளி, வேலை, கல்யாணம் எல்லாம் எளிதாகும். எது பெரிய தொண்டு? இன்னொன்றும் உண்டு. நம் மக்களுக்காக ஒருவரை எதிர்த்துக் கேட்க வேண்டிய நாள் ஒன்று வரலாம். அவர் கையால் மாலை வாங்கியிருந்தால் அன்று நாக்கு கொஞ்சம் தயங்கும்.

அப்படியென்றால் எல்லா விருதையும் தள்ளிவிட வேண்டுமா? அப்படியும் நான் சொல்லவில்லை. வள்ளுவர் ஈகைக்கு அடுத்தே புகழுக்கு ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். கொடுத்து வாழ்பவனைத் தேடிப் புகழ் வருவதில் அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மறுப்பதிலும் ஒரு பெருமை ஒளிந்துகொள்ளும். 'எனக்குக் கொடுத்தாங்க, நான் வேணாம்னுட்டேன்' என்று வாட்சாப்பில் போட்டால் அதுவும் ஒரு கேடயம்தான். புகழையும் இகழையும் ஒன்றாகப் பார்க்கிற பக்தனே தனக்குப் பிரியமானவன் என்று கண்ணன் கீதையின் 12ஆவது அத்தியாயத்தில் சொல்கிறான். வாங்கினாலும் மறுத்தாலும் மனசு அந்த இடத்தில் நிற்கிறதா என்பதே பரீட்சை.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. முதலில் ஒரு தாளை எடுத்து, அந்த வேலையில் கை வைத்த எல்லோர் பெயரையும் எழுதுங்கள். சமைத்தவர், வண்டி ஓட்டியவர், கோத்தோங் ரோயோங் முடிந்த பிறகு மண்டபத்தைக் கூட்டியவர், உங்களை இரவு நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த அம்மா, எல்லோரையும் எழுதுங்கள். பிறகு செயலவையிடம் போய், 'இதைக் கிளையின் பெயரில் கொடுங்கள், இந்தப் பெயர்களையெல்லாம் மேடையில் வாசியுங்கள்' என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் கிளை வாங்கட்டும், உங்களில் யார் சின்னவரோ அவர் மேடையேறி வாங்கட்டும். 'இல்லை, உங்கள் ஒருவருக்குத்தான்' என்றால், மரியாதையாகக் கைகூப்பி வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னதை வெளியே சொல்லாதீர்கள்.

செயலவையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்றவர் உழைப்பைப் பார்த்துச் சொல்வது நம் கடமை. நாம் விருதைத் தள்ளுவது மற்றவர்களை மறப்பதற்குச் சாக்கு ஆகிவிடக் கூடாது.

அந்த வேன் அண்ணன் இப்போது இல்லை. போன வருஷம் அவர் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அங்கே பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்து, "சார், சின்ன வயசுல நானும் உங்க வகுப்புக்கு வந்திருக்கேன். மாமா வேன்லதான் வருவோம். அப்புறம் நின்னுட்டோம்" என்றார். ஏன் நின்றோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு நம் கிளை பந்தல் போடும்போது, பதாகையில் முருகன் பெயர் ஒன்று போதும். தண்ணீர் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்வோம்.

திருச்சிற்றம்பலம்.